சேற்றுக்கல்லைக் கழுவியவர்

கலியாணம் முடிந்து வெள்ளவத்தையில் ரயில் பாதையோரம் ஒரு சின்ன ஃபிளாட்டில் நாங்கள் குடியேறிய புதிது. அவருக்கு வங்கியில் வேலை. நான் முதுமாணிப் பட்டத்துக்காகச் சேற்றுக்கல்லை இயந்திரத்தில் அமுக்கி உடைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய சேறு இறுகிக் கல்லானதுதான் சேற்றுக்கல். என்னிடம் இருந்தவை நிலத்தில் துளைத்த ஒரே குழியில் எடுத்த, பார்வைக்கு ஒரே மாதிரியான கறுப்புத் துண்டுகள். ஆனால் இயந்திரத்தில் வைத்தால் சில வெடி கொளுத்தியதுபோலச் சிதறும். சில சத்தமில்லாமல் நசுங்கும். காரணம் தெரியாமல் என் கடைசி அத்தியாயம் அந்தரத்தில் நின்றது. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று சோதிக்க, உடைத்த ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு மிச்சம் பிடித்திருந்தேன். வெசாக் விடுமுறைக்கு ஆய்வுகூடத்தைப் பூட்டியதால் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இனி எடுக்க வேறு கல் கிடையாது.

சந்தையிலிருந்து மீனோடு திரும்பினால், அவர் வாசலிலேயே சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

“இஞ்ச பாரும், உம்மட கல்லெல்லாம் ஒரே அழுக்கு. கழுவ ஊறப்போட்டிருக்கிறன்.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். குசினி மேசை நிறையக் கலியாணத்துக்கு வந்த கண்ணாடிக் கிண்ணங்கள். பாதியில் கல்லே இல்லை, சாம்பல் நிறக் கூழ்.

“ஐயோ, ஆர் உங்களைக் கழுவச் சொன்னது?”

“கல்லுத்தானே! கரையுமெண்டு ஆருக்குத் தெரியும்?”

இந்த மனிதரை எங்கே தேடிப் பிடித்தீர்கள் என்று அம்மாவைக் கேட்கத் தொலைபேசியைக்கூட எடுத்துவிட்டேன். அப்போதுதான் கண்டேன்: ஒவ்வொரு கிண்ணத்தின் கீழும் அந்தந்தக் கல்லுக்கு நான் இட்டிருந்த இலக்கச் சீட்டு. வங்கிக்காரர் அல்லவா, ஒன்றின் சாமானை இன்னொன்றோடு கலக்கவில்லை.

இலக்கங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் அடங்கிப்போயிற்று. கூழானவை எல்லாம் இயந்திரத்தில் நசுங்கியவை. முழுசாய்க் கிடந்தவை வெடித்தவை. அவற்றில் ஒன்றைச் சுரண்டி வினாகிரி விட்டேன். நுரைத்தது. அமிலம் பட்டால் நுரைப்பது சுண்ணாம்பு! சுண்ணாம்பு பிடித்த கல் விறைத்து நின்று கடைசியில் வெடிக்கிறது. களிமண் கூடிய கல் தண்ணீரைக் குடித்து ஊதுகிறது, அமுக்கினால் விட்டுக்கொடுக்கிறது.

“அப்ப நான் கழுவினது நல்லதுக்குத்தானே?” கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

“வாய் திறக்காதேங்கோ. அடுத்த கிண்ணத்துக் கல்லை எடுத்துத் தாங்கோ.”

விடுமுறை முடிந்து, கூழைக் காயவைத்து ஆய்வுகூடத்தில் சோதித்தபோதும் அதுவேதான் வந்தது. ‘மாதிரிகள் நீரில் அமிழ்த்தப்பட்டன’ என்று ஆய்வேட்டில் எழுதினேன். யார் அமிழ்த்தியது என்று எழுதவில்லை. நன்றியுரையின் கடைசி வரியில் மட்டும், ‘கிண்ணங்களைக் கலக்காதவருக்கு’ என்று போட்டேன். அதை வாசித்துவிட்டு அவர் குசினிக்குள் போய், சுத்தமாக இருந்த கிண்ணங்களை எல்லாம் இன்னொருதரம் கழுவினார்.