கடைவாய்ப்பல்லை நம்பியவர்

என் மாமா யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசியதில்லை. வாயைப் பார்த்துத்தான் பேசுவார். பல்செட் செய்கிறவருக்கு அது தொழிலோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, பல் அடுக்கி, வேகவைத்து, மோட்டாரில் தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பார். தெருவில் அவருக்குப் பெயரே பல்செட்டு. 'பல்செட்டு வீட்டுக்கு எதிர்ல' என்றால் தபால்காரருக்கு விலாசம் வேண்டியதில்லை.

ஆளை எடைபோடுவதும் பல்லை வைத்துத்தான். என் கல்யாணத்தின்போது பெண்ணின் படத்தைப் பார்த்துவிட்டு, "கீழ்வரிசை நெருக்கமா இருக்கு. கை இறுக்கம். பண்ணிக்கோ" என்றார். அது பொய்யாகப் போகாததால், பல் சாஸ்திரத்தில் அவருக்கு இருந்த நம்பிக்கை இன்னும் ஏறியது.

அவரிடம் ஒரு வார்த்தை உண்டு. புது செட்டை மாட்டிவிட்டுக் கண்ணாடியை நீட்டும்போது சொல்வார்: "இது உங்க வாயில இருக்கிறவரைக்கும் என் பொறுப்பு. உறுத்தினா, ஆடினா, என்கிட்டதான் வரணும். காசு கிடையாது." அந்த வார்த்தையை அவர் மீறியதில்லை. சாகக் கிடந்த ஒருவருக்காக ஆஸ்பத்திரிக்கே போய்ச் செட்டைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

வீட்டின் கீழ்த்தளம் முழுக்க ஒரே அறை, அதுதான் பட்டறை. குழாயும் கக்கூசும் சமையலும் எல்லாம் மாடியில். படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம் வேறு. அத்தைக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. இதயம் பலவீனம் என்பதால் ஆபரேஷனும் இல்லை. 'படியே கூடாது' என்று டாக்டர் சொன்னபோது அத்தை மாடியில் இருந்தாள். அப்படியே இருந்துவிட்டாள். காய்கறி ஜன்னலிலிருந்து தொங்கும் கூடையில் ஏறியது. அக்கம்பக்கத்துப் பேச்சும் அதே வழியில்தான் ஏறியது.

"மேல இருந்து பாத்தா எல்லாருக்கும் வழுக்கைதான் தெரியுது. நாலு பேர் மூஞ்சிய பாக்கணும்னு ஆசையா இருக்குடா" என்றாள் என்னிடம் ஃபோனில்.

நான் கடல் தாண்டி இருக்கிறவன். இந்தக் கதை பாதி மாமா சொன்னது, மீதி அத்தை சொன்னது. இரண்டும் முட்டிக்கொண்ட இடங்களில் அத்தையை நம்பியிருக்கிறேன்.

வீட்டை விற்றுவிட்டுத் தரைத்தளத்தில் ஒரு வீடு வாங்குவது என்று முடிவாயிற்று. அடுத்த தெருவிலேயே அமைந்தது. டீச்சர் வீடு. கணவர் இல்லை, பிள்ளை இல்லை, ஓய்வு பெற்று வெகுகாலம் ஆனவர். வாசலில் ஒற்றைப் படிகூடக் கிடையாது. வீட்டை விற்று அந்தப் பணத்தை முதியோர் இல்லம் ஒன்றில் கட்டிவிட்டு அங்கே போய்விடுவதாக இருந்தார். அவருக்கும் மூட்டு சரியில்லை. அங்கே தோட்டத்தைப் பார்த்த கீழ்த்தள அறையைத் தனக்கென்று சொல்லி வைத்திருந்தார். மாமா செய்த செட்தான் அவர் வாயிலும். மாமா சிறு முன்பணம் கொடுத்து, "எங்க வீடு முடிஞ்சதும் உங்களுது முடியும் டீச்சர். ஒரு மாசம்" என்றார்.

"நீங்க சொன்னா சரி, தம்பி. நீங்க குடுத்த பல்லு இன்னும் ஆடலையே" என்றார் டீச்சர்.

பிறகு வாங்க வருகிறவர்கள் வரத் தொடங்கினார்கள்.

முதலில் தங்கப்பல். பட்டறைச் சுவர் முழுக்க அலமாரி, அதில் வரிசையாகப் பிளாஸ்டர் தாடைகள். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் பெயர். தங்கப்பல் அங்கேயே நின்றுவிட்டார்.

"இவங்கெல்லாம் உயிரோட இருக்காங்களா?"

"பாதிப் பேர் இருக்காங்க" என்றார் மாமா. பொய் சொல்லத் தெரியாத காலம் அது. தங்கப்பல் நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர்தான்.

அடுத்து ஒரு தம்பதி. ஞாயிறு தவறாமல் வந்தார்கள். அந்த அம்மாள் அத்தையின் கட்டிலைச் சுற்றி நடந்து ஜன்னல்களுக்கு டேப் வைத்து அளந்தாள். திரைச்சீலைக்கு என்ன நிறம் என்று அத்தையிடமே கேட்டாள். பச்சை என்று அத்தை சொல்ல, பச்சை என்றே முடிவாயிற்று. டீயும் பிஸ்கட்டும் போயின. ஒரு ஞாயிறு வரவில்லை. மாமா தரகரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அவங்களா? அவங்களுக்கு சொந்த வீடு இருக்கு சார். ஞாயித்துக்கிழமை ஆனா நாலு வீடு பாப்பாங்க. சிலர் பார்க்குக்குப் போறதில்லையா, அந்த மாதிரி."

"தெரிஞ்சுமா கூட்டிட்டு வந்தீங்க?"

"வீடு ஆள் நடமாட்டத்தோட இருந்தா நல்லதுதானே சார்."

மூன்றாவதாக வந்தவர் லாரி உதிரிபாகக் கடைக்காரர். தாடைகளைப் பார்த்து, பயப்படாமல், வாய் பிளந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் மாமா விழுந்தார். அவர் பார்த்தது கடைவாய்ப்பற்களை. மேலும் கீழும் தேய்ந்து மட்டமாகியிருந்தன.

அன்று மாடிக்கு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். "இவன்தான் வாங்குவான். கடைவாய்ப்பல்லு தேஞ்சு போயிருக்கு. தூக்கத்துல பல்லைக் கடிக்கிற ஆளு. மனசுல பொறுப்பு இருக்கிறவனுக்குத்தான் அது வரும். சொன்ன சொல்லை விடமாட்டான்."

"பல்லைக் கடிக்கிறவன் கோவக்காரனாவும் இருக்கலாமே" என்றாள் அத்தை.

"உனக்கு என்ன தெரியும்?"

"உங்க கூட இருந்து எனக்கும் தேஞ்சுதான் இருக்கு. பாக்குறீங்களா?"

கடைக்காரர் பேரம்கூடப் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "கீழ் ரூம மட்டும் காலி பண்ணி வைங்க. பத்திரம் முடிஞ்ச அன்னிக்கே சரக்கு இறக்கிடுவேன்." முன்பணம் அடுத்த வாரம் என்றார். மாமா தலையாட்டினார். தேய்ந்த பல்லிடம் ரசீது கேட்பதா?

மோட்டாரையும் வேகவைக்கும் பாத்திரங்களையும் புதிதாகத் தொழில் தொடங்கிய ஒருவருக்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். டாக்டர்களிடம் இனி அச்சு அனுப்ப வேண்டாம் என்று சொன்னார். தாடைகளைச் சாக்கில் கட்டிச் சுத்தியலால் அடித்தார். சாக்கு சாக்காக அடிக்கும் சத்தம் மாடிக்குக் கேட்டது. "கண்ண மூடிட்டு படுத்திருந்தேன்டா. ஊர்ல இருக்கிற எல்லா வாயையும் உடைக்கிற மாதிரி இருந்துச்சு" என்றாள் அத்தை.

காலி அறையில் மாமா ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து காத்திருந்தார்.

அடுத்த வாரம் வந்தது, முன்பணம் வரவில்லை. கடைக்காரரின் மச்சான் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப வேண்டும். பிறகு மச்சான் அனுப்பிவிட்டார், வக்கீலுக்குக் காய்ச்சல். வக்கீல் எழுந்தார், பேங்க் மேனேஜர் லீவில் போனார். ஒவ்வொரு காரணமும் வந்து சேர்ந்த அன்று சாயங்காலமே மாமா அதை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போவார். ஆளை மட்டும் மாற்றிவிடுவார். கடைக்காரரின் மச்சான், மாமாவின் அக்கா பையன் ஆனான். இப்படித்தான் நானும் இதில் ஒருமுறை பணம் அனுப்பாமல் இழுத்தடித்திருக்கிறேன். எனக்கே பின்னால்தான் தெரியும்.

மேனேஜர் லீவு என்றபோது டீச்சர் கேட்டார்: "எந்த பேங்க் தம்பி?"

மாமா சொன்னார்.

"அவர் என் பக்கத்து வீடுதான். காலையில பார்த்தேனே. பையைத் தூக்கிட்டு ஆபீசுக்குத்தான் கிளம்பினார்."

கடைக்காரர் தன்னிடம் சொன்னது பொய் என்று மாமாவுக்கு அங்கே, டீச்சரின் கூடத்தில்தான் தெரிந்தது. வேறொருவராக இருந்தால் நேரே கடைக்குப் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பார். மாமாவால் முடியாது. கோபித்துக்கொண்டு அவரும் போய்விட்டால் அத்தை மாடியிலேயே கிடக்க வேண்டியதுதான். ஆனால் வந்த கோபத்தை எங்கேயாவது இறக்கியாக வேண்டும்.

"என்ன டீச்சர், என்னை வேவு பாக்கிறீங்களா? பள்ளிக்கூடத்துப் பையன்னு நினைச்சுட்டீங்களா? வேற ஆளு இருந்தா வித்துக்கோங்க."

வேறு ஆள் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். டீச்சர் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அதைக் குடித்துவிட்டு வந்ததாக மாமாவே என்னிடம் சொன்னார்.

மழைக்காலம் வந்து போனது. வேலையில்லாமல் மாமா வற்றிப்போனார். கடைசியில் ஒரு நாள் கடைக்காரரே அழைத்தார். பதிவு அலுவலகத்துக்கு வரச் சொன்னார்.

மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். பெஞ்சில் வரிசையாக ஆட்கள். இவர்கள் முறை வரும் நேரத்தில் கடைக்காரர் மாமாவின் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனார்.

"மாடிப்படிச் சுவர்ல ஈரம் ஏறியிருக்கு பெரியவரே. நேத்துதான் மேஸ்திரி சொன்னான். விலையில பத்துல ஒரு பங்கு குறைச்சுக்கலாம்."

"பேசி முடிச்ச விலை அது."

"முடிச்சோம். இல்லைங்கல. வேண்டாம்னா சொல்லுங்க, நான் கிளம்பறேன். நீங்க ரூமெல்லாம் ஒழிச்சிட்டு உக்காந்திருக்கீங்க. அவசரம் உங்களுக்கு. எனக்கு இல்ல."

தரகர் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். மாமா போய்க் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் கடைக்காரர் சிரித்தபோது கடைவாய்ப்பற்கள் தெரிந்தனவாம். அப்போதும் மாமா அவற்றைத்தான் பார்த்திருக்கிறார்.

அன்று இரவு சாப்பிடவில்லை. காலையில் எழுந்து ஷேவ் செய்துகொண்டே விசிலடித்தார். அத்தைக்கு அந்த விசில்தான் பிடிக்கவில்லை.

அதே வாரம், அதே அலுவலகம், ஏறக்குறைய அதே பெஞ்ச். டீச்சர் தன் பெட்டியோடு வந்திருந்தார். கையெழுத்து முடிந்ததும் அங்கிருந்தே இல்லத்துக்குப் போவதாக ஏற்பாடு. வண்டி வெளியே நின்றது. இவர்கள் முறை வரும் நேரம் மாமா அவரை ஓரமாக அழைத்தார். தோளில் மட்டும் கை போடவில்லை.

"சமையலறையில தண்ணி நிக்குது டீச்சர். மேஸ்திரி சொன்னான். பத்துல ஒரு பங்கு குறைச்சுக்கலாம்."

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, "முழுசா கட்டினாதான் அந்தக் கீழ் ரூம் கொடுப்பாங்க, தம்பி. இல்லன்னா மேல மாடிதான். லிப்ட் கிடையாது. என் காலைப் பத்தி உங்களுக்குத் தெரியுமே" என்றார்.

"வேண்டாம்னா விட்டுடலாம். பெட்டியோட வந்துட்டீங்க. அவசரம் உங்களுக்கு. எனக்கு இல்ல."

டீச்சர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். கீழ் செட் நழுவி 'டக்'கென்று ஓசை எழுந்தது. காத்திருந்த மாதங்களில் இளைத்துப்போயிருந்தார். ஈறு வற்றிச் செட் தளர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாயைக் கையால் மூடிக்கொண்டு உள்ளே போனார், மூடிய கையை எடுக்காமலே மற்றக் கையால் கையெழுத்துப் போட்டார்.

மாமா இதை என்னிடம் விவரித்தபோது குரலில் தெம்பு இருந்தது. "அங்க விட்டத இங்க புடிச்சேன்டா. நான் யாருக்கும் நஷ்டம் பண்ணல. எனக்கு வந்த நஷ்டத்தைக் கைமாத்தி விட்டேன், அவ்வளவுதான்."

அத்தையை நாற்காலியில் உட்காரவைத்து, சாமான் தூக்குகிற இரண்டு பேர் படியில் இறக்கினார்கள். திருப்பத்தில் நாற்காலி சுவரில் உரசியது. அங்கே கை வைத்துத் தடவிப் பார்த்தாள் அத்தை. "நல்லாத்தானே காஞ்சிருக்கு" என்றாள். ஈரம் என்று விலையைக் குறைத்ததை மட்டும் முன்பே சொல்லியிருந்த மாமா, மீதியை அப்போதுதான் அவளுக்குச் சொன்னார். டீச்சர் விஷயத்தைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

புது வீட்டில் அத்தை வாசலில் உட்கார்ந்து நாலு பேர் முகத்தைப் பார்ப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். முதல் வேலையாக வண்டி வைக்கச் சொல்லி முதியோர் இல்லத்துக்குப் போனாள். தனியாகத்தான் போனாள். டீச்சர் மேல்மாடி. அத்தையால் ஏற முடியாது, டீச்சரால் இறங்க முடியாது. பணியாள் போய்ச் சொல்ல, ஜன்னலில் டீச்சர் வந்து நின்றார்.

"சாப்பிட்டீங்களா டீச்சர்?" என்று அத்தை கீழேயிருந்து கேட்டாள்.

டீச்சர் பதிலாக ஒரு துணிப்பையைக் கயிற்றில் கட்டி இறக்கினார். உள்ளே கைக்குட்டையில் சுற்றிய செட், இரண்டு வரிசையும். "ரொம்ப ஆடுது. கஞ்சிதான் குடிக்கிறேன். தம்பிகிட்ட கொடுங்க. உறுத்தினா, ஆடினா வரச் சொல்லியிருக்கார்" என்றார். பல் இல்லாத வாயில் அந்த வார்த்தைகள் குழைந்து வந்ததாக அத்தை சொன்னாள். குத்திக்காட்டினாரா, உண்மையிலேயே நம்பினாரா என்று அத்தைக்கு இன்றுவரை தெரியவில்லை.

மாமா செட்டை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே எவ்வளவு தேய்க்க வேண்டும், எங்கே பூச்சு ஏற்ற வேண்டும் என்று தெரிந்தது. மோட்டார் இல்லை. அச்சு இல்லை, டீச்சரின் தாடையும் அந்தச் சாக்கில்தான் போயிருந்தது. இருந்த பணத்தில் வெளியே கொடுத்துச் செய்திருக்கலாம். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றார்.

அத்தை ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, செட்டை அதில் போட்டு, சாப்பாட்டு மேஜையில் மாமா உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே வைத்தாள்.

இப்போது நான் வீடியோவில் பேசும்போது அந்த டம்ளர் தெரிகிறது. மாமா டீ குடிக்கிறார், பேப்பர் படிக்கிறார். "டீச்சருக்கு எப்பங்க?" என்று அத்தை கேட்கிறாள், தினமும் கேட்பாள் போலிருக்கிறது. போன மாதம் மாமா சொன்ன பதில், மோட்டாரை வாங்கியவன் ஊரில் இல்லை. இந்த மாதம் அவனுக்குக் காய்ச்சல்.

அத்தை எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, டம்ளரில் தண்ணீரை மட்டும் மாற்றிவிட்டு வருகிறாள்.