சைபர் காட்டிய சவ்வு

தொழிற்கூடத்தில் எல்லாருக்கும் அவள் சவ்வக்காதான். குடித்திருக்கிறானா என்று ஊதச் சொல்லிப் பார்க்கிற கருவி இருக்கிறதே, அதன் வயிற்றுக்குள் நகத்தளவு சவ்வு ஒன்று உண்டு. பாலிமர் கரைசலில் சிலிக்கா பொடி கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்து அதை உரித்தெடுப்பது அவள் வேலை. சவ்வுக்குள் ஈரத்தைப் பிடித்துவைப்பது அந்தப் பொடிதான். ஈரம் போச்சோ, மூக்குமுட்டக் குடித்தவன் ஊதினாலும் கருவி சைபர்தான் காட்டும்.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். குடியால் போன வேலையை, இவள்தான் அதிகாரி கையைக் காலைப் பிடித்துத் திரும்ப வாங்கிக் கொடுத்தாள். தினமும் காலையில் டிப்போவில், இவள் சவ்வு வைத்த கருவியில் ஊதிக் காட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். மாதக்கணக்கில் சைபர். இவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. என் சவ்வே சாட்சி என்று கூட வேலை செய்கிறவர்களிடம் பீற்றிக்கொண்டாள், பைத்தியக்காரி.

இன்றைக்கு, டிப்போவுக்குப் போன சரக்கில் எடுத்துவைத்த மாதிரித் துண்டுகளைச் சோதித்தாள். சாராய ஆவியைக் காட்டினால் சைபர். அடுத்ததும் சைபர். ஊற்றும்வரை கலக்கிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். பொடி அடியில் தங்கிவிட்டிருக்கிறது. புதிதில் ஒழுங்காய்க் காட்டிய சவ்வுகள் போகப்போக வறண்டுவிட்டன. வாயை மூடிக்கொண்டால் வேலை தப்பும். ஆனால் கடவுளே, பஸ் நிறைய ஜனமாயிற்றே! அழுதுகொண்டே மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, நாளைக்கே கருவிகளை மாற்ற ஏற்பாடு செய்தார்.

கருவி பொய் சொன்னால் என்ன, என் வீட்டுக்காரர் குடிக்கமாட்டார் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். குடித்திருந்தால் வாடை தெரியாதா? எங்கே தெரியும்! நாளெல்லாம் கரைசலின் ஸ்பிரிட் நெடியில் கிடந்த மூக்குக்கு அவர் சட்டை வாடையும் ஒன்றுதான், சுவர் வாடையும் ஒன்றுதான்.

வீட்டில் அவர் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். இவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். சீப்பு பாதியில் நின்றது.

"நாளைக்கேவா மாத்துறாங்க?"

இவளுக்கு உயிரே போய்விட்டது.

"ரொம்ப நாள் தொடவே இல்ல, பிள்ளை மேல சத்தியமா," என்றார் அவர், தலை குனிந்துகொண்டு. "ஒரு நாள் தாங்க முடியாம குடிச்சிட்டேன். வேலை போச்சுன்னு நடுங்கிக்கிட்டேதான் ஊதினேன். சைபர் வந்துச்சு. அப்புறம் பயமே விட்டுப்போச்சு."

அவள் சீப்பை வாங்கி, மீதித் தலையை வாரிவிட்டு, மகளைப் பக்கத்து வீட்டுக்குப் போய் விளையாடச் சொன்னாள்.