விரலிடுக்கில் இரண்டு வருடம்

ஐம்பதுகளின் கடைசியில் தேக்கா மார்க்கெட்டில் மீன் கடையொன்றில் வேலை பார்த்தேன். ஐஸ் உருகிய தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டே இருக்கும். ரப்பர் பூட்ஸுக்குள்ளும் அது இறங்கிவிடும். கால்விரல்களுக்கு நடுவே தோல் வெளுத்து ஊறி, உரிந்து, சேற்றுப்புண் வந்தது. அரிப்பென்றால் சாதாரண அரிப்பில்லை. வாடிக்கையாளர் நிற்கும்போதே ஒரு காலை மறு காலால் தேய்ப்பேன்.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டேன். சீன மருந்துக்கடை டப்பா களிம்பு ஒரு வாரத்தில் கேட்டது. ஆனால் அடுத்த மாதமே திரும்ப வந்தது. இப்படியே இரண்டு வருடம். கடைசியில் கால் வீங்கி பூட்ஸுக்குள் நுழையாத நாளில்தான் அரசாங்க டிஸ்பென்சரிக்குப் போனேன்.

அங்கே கட்டுப்போடுகிற டிரெஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். மூக்கைச் சுளிக்காமல் என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார்.

"அரிப்பு நிண்டவுடன மருந்தை விட்டிட்டியள், என்ன?"

"ஆமாங்க. சரியாப் போச்சேன்னு..."

"அது மேலுக்குத்தான். தோலுக்குள்ள இருக்கிறது போக நாள் எடுக்கும். சுகமான பிறகும் ஒரு மாசம் பூச வேணும்." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "வீட்டில வேற ஆருக்கும் இருக்கோ?"

"இல்லைங்க," என்றேன். கேட்டுப் பார்த்ததே இல்லை என்பது வெளியே வந்தபிறகுதான் உறைத்தது.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் பாதங்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் குனிந்து பார்த்தேன். என்னுடையதைவிட மோசம். சுண்டுவிரலோரம் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. என் ஈரக் காலுறைகளைத் துவைத்தவள் அவள்தான். குளியலறைக்கு இருவருக்கும் ஒரே ஜோடி சிலிப்பர் வேறு.

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"சொல்லக் கூடாதா?"

"உங்களால வந்துச்சுன்னு நீங்க வருத்தப்படுவீங்க. அதான்."

எனக்குக் கோபம் வந்தது, அவள்மேல் இல்லை. இரண்டு வருடம் என் கால்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் அவளையும் அழைத்துப் போனேன். டிரெஸ்ஸர் களிம்பும், தண்ணீரில் கரைக்க ஊதாப் பொடியும் இரண்டு பங்காகத் தந்தார். அன்றிலிருந்து சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் ஒரே வேலைதான். ஆளுக்கொரு பேசினில் ஊதாத் தண்ணீர், பத்து நிமிடம் ஊறவிட்டு, விரலிடுக்கெல்லாம் தனித்தனித் துணியால் ஒற்றி, களிம்பு. காலுறைகளைக் கொதிக்கவைத்தாள். சிலிப்பர் தனித்தனி ஆனது. முதலாளியிடம் கேட்டு இன்னொரு ஜோடி பூட்ஸ் வாங்கினேன், ஒன்று வெயிலில் காய, ஒன்று காலில்.

அந்தப் பொடி நகங்களைப் பழுப்பாக்கிவிட்டது. பக்கத்து அறை மலாய்க்கார அக்கா எட்டிப் பார்த்து, மருதாணியா என்று கேட்டுச் சிரித்தாள். கால் ஊறும்போது இருவரும் பேசிக்கொண்டிருப்போம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படி உட்கார்ந்து பேசியதில்லை. பத்து நிமிடம் சில நாள் ஒரு மணி நேரமாகும்.

ஆறாவது வாரம் அரிப்பு போனது. "விட்டுடலாமா?" என்றேன், வேண்டுமென்றே.

"போட்டே ஆகணும்லா," என்று என் காலைப் பேசினுக்குள் தள்ளினாள்.

மூன்றாம் மாதம் டிரெஸ்ஸர் எங்கள் இருவர் விரல்களையும் விரித்துப் பார்த்து, "இனி வரத் தேவையில்லை," என்றார். புதுத் தோல் குழந்தையின் தோல்போல இளஞ்சிவப்பாக இருந்தது. அன்று பஸ் ஏறவில்லை. டோபி காட் வட்டாரம் வரை நடந்தே போனோம். அவள் எனக்கு முன்னால் நடந்தாள்.