கொல்லும் லாவும்

ஒன்பது வயதில் எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. அப்படிப்பட்டவளைப் பிடித்து, ஒரு பழைய செய்யுள் நாடகத்தில் கணவனுக்காகக் காத்திருக்கும் ராணியாக்கினாள் சித்தி. அவள் தமிழாசிரியை. பழைய நாடகம் எங்களுக்குப் புரியவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும் என்பது அவளுடைய பேராசை. ஒத்திகை எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்தது.

மற்ற பிள்ளைகளுக்குக் குதிரை, போர், கூச்சல். எனக்கு வாசலைப் பார்ப்பது மட்டும்தான் வேலை. ஒரே ஆறுதல் என் கடைசி வசனம்: “பொழுது சாய்ந்தது. அவர் வருவர் கொல்?”

ஆகா, கடைசியிலாவது ஒரு கொலை! “வருவர்” என்று சொல்லி நிறுத்தினேன். பக்கத்தில் நின்ற காவலனின் அட்டைக் கத்தியைப் பிடுங்கி, “கொல்!” என்று பாய்ந்தேன். காவலன் அழுதேவிட்டான்.

சித்தி சிரிக்கவில்லை. அன்று அவளும் உட்காரவில்லை. கைப்பேசியை எடுப்பதும் வைப்பதுமாகவே இருந்தாள். எல்லை தாண்டி மலேசியாவில், ஜொகூரில் வேலை என்று போன சித்தப்பா பல வாரமாக வீட்டுப் பக்கமே வரவில்லை. நாடகத்துக்கு மட்டும் கட்டாயம் வருவதாகச் சொல்லியிருந்தார்.

“கொலை இல்லடி. ‘வருவாரோ, தெரியலையே’ன்னு மனசு அடிச்சுக்கும்ல, அதுதான் அந்தக் கொல்.”

“அப்போ நம்ம சிங்கப்பூர் லா மாதிரியா சித்தி? ‘ஓகே லா’, ‘வா லா’ன்னு சும்மா கடைசியில போடுறது?”

“லா போடுறவங்களுக்கு டவுட்டே இல்ல. கொல் போடுறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாப் பக்கம் பார்த்தபடி அந்த வசனத்தை ஒருமுறை சொல்லிக் காட்டினாள். குரல் உயரவேயில்லை. காவலன்கூட மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினான். அந்த ராணியை எனக்கு அன்றைக்குத்தான் பிடித்தது.

நாடகத்தன்று மேடையிலிருந்து தேடினேன். முன்வரிசையில் சித்தி இருந்தாள். பக்கத்து நாற்காலியில், சித்தப்பாவுக்கு இடம் பிடித்து அவள் வைத்த கைப்பை. கடைசி வசனம் வரைக்கும் அது அங்கேயே இருந்தது. சித்தி சொல்லிக் காட்டியது போலவே நானும் சொன்னேன். எல்லாரும் பலமாகக் கைதட்டினார்கள். சித்தி மட்டும் அரங்கத்தின் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் தேக்கா சந்தையில் இறங்கிப் பிராட்டா ரொட்டி வாங்கிக் கொடுத்தாள். அவள் சாப்பிடவில்லை. பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டேன்.

“சித்தப்பா வருவாரா சித்தி?”

“வருவார் லா.”

லா போட்டுவிட்டாளே, அப்புறம் என்ன? நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.