எக்டேருக்கு இரண்டு மார்க்

வில்லியனூர் கடைத்தெருவில் காஜா மொய்தீன் மளிகைக்கடையில் பருப்பு வாங்கினால், பொட்டலம் சுற்றிய தாளில் ஏதாவது ஓர் இங்கிலீஷ் வார்த்தையின் கீழ் பென்சில் கோடு இருக்கும். கோடு போடுகிறவர் மொய்தீனின் மனைவி ரஹீமா. எட்டாவதோடு அவர் படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் வார்த்தைப் பைத்தியம் மட்டும் நிற்கவில்லை. கடைக்கு எடைபோட்டு வரும் பழைய பேப்பர், ஆபீஸ் தாள், செல்லாத பத்திரம் எதையும் படிக்காமல் கிழிக்க மாட்டார். புது வார்த்தை கிடைத்தால் ஒரு நோட்டில் ஏறிவிடும்.

அந்த நோட்டில் பாதிக்கு மேல் கேள்விக்குறி. அர்த்தம் பார்க்க வீட்டில் அகராதி கிடையாது. "அர்த்தம் தெரியாத வார்த்தைய வச்சிக்கினு இருக்கறது, யாரோ வூட்டு சாவிய இடுப்புல சொருவிக்கினு இருக்கறாப்போல இருக்கு சார்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

1976இல் எங்கள் படிப்பக ஆண்டுவிழாவில் ஒரு போட்டி வைத்தோம். 'டீச்சர்' என்ற இங்கிலீஷ் வார்த்தையில் இருக்கும் ஏழு எழுத்துகளை வைத்து, அரைமணி நேரத்தில் முடிந்தவரை வேறு வார்த்தைகள் எழுத வேண்டும். ஒரு வார்த்தைக்கு ஒரு மார்க், ஏழு எழுத்தும் வந்தால் இரண்டு. பரிசு, கெட்டி அட்டை போட்ட பெரிய அகராதி. நடுவர் அடியேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் ஆயிற்றே, இந்த ஊரில் என்னை விட்டால் யார் என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த அகராதி வேண்டும் என்பதற்காகவே ரஹீமா வந்திருந்தார். படிப்பகத்துக்குள் அதுவரை பெண்கள் யாரும் அவ்வளவாக வந்ததில்லை. மற்றவர்கள் பென்சிலைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்க்க, அவர் ஒரு தாளை ஏழு துண்டாகக் கிழித்தார். துண்டுக்கு ஓர் எழுத்து எழுதித் தரையில் பரப்பி, மாற்றி மாற்றி நகர்த்தினார். நான் நடப்பதுபோல இரண்டு தடவை அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். துண்டுகள் நகர நகர ஹார்ட் எர்த் ஆனது, ரேட் டியர் ஆனது. எனக்கே வேடிக்கையாக இருந்தது.

திருத்தியபோது அவர் தாளில் ஒரே ஒரு வார்த்தையை அடித்தேன். அது 'எக்டேர்'. ஏழு எழுத்தும் அதில் இருந்தன. ஆனால் நம் ஊரில் எக்டேரை எங்கே பார்த்திருக்கிறோம்? பிரெஞ்சுக்காரன் காலத்து நிலப் பத்திரத்தில். அப்படியானால் அது பிரெஞ்சு வார்த்தைதானே? சிவப்பு மையால் ஒரே கோடு. 'ஏக்கர்' இருந்தது, அதற்கு மார்க் போட்டேன்.

ரஹீமாவுக்கு முப்பத்தெட்டு. காலேஜ் மாணவி ஆரோக்கிய செல்விக்கு முப்பத்தொன்பது. அகராதி செல்வி கைக்குப் போயிற்று.

கூட்டம் கலைந்ததும் ரஹீமா வந்தார். முகம் வாடியிருந்தது.

"எக்டேர் இன்னா சார் பாவம் பண்ணுச்சு?"

"அது பிரெஞ்சும்மா."

"புக்குல பாத்தீங்களா சார்?"

"இதுக்கெல்லாம் புக்கு எதுக்கும்மா? எனக்குத் தெரியாதா?"

அவர் திரும்பி நடந்தார். வாசலில் நின்ற செல்வியிடம் போய் ஏதோ பேசினார். செல்வி நல்ல பெண், பரிசைப் பிரிக்காமலே அவர் கையில் கொடுத்துவிட்டாள். "ரெண்டு நாள் வச்சிக்குங்க அக்கா, எனக்கு இன்னா அவசரம்!"

மூன்றாம் நாள் காலை அகராதியும் நோட்டுமாக ரஹீமா படிப்பகத்துக்கு வந்து நின்றார். பக்கத்தைத் திறந்து என் முன்னே வைத்தார். எக்டேர் இருந்தது. இங்கிலீஷ் அகராதியில், இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு நடுவே, அர்த்தத்தோடு இருந்தது. இரண்டு மார்க். அவருக்கு நாற்பது ஆகிவிட்டது.

"தப்பு என்னுதும்மா. பரிசு உங்களுதுதான். செல்விகிட்ட நான் பேசறேன்."

"இருங்க சார், இன்னும் முடியல." அவர் நோட்டுக்குள்ளிருந்து தன் போட்டித் தாளை எடுத்தார். "ட்ரெச்சுன்னு ஒண்ணு எழுதியிருந்தேன். பேப்பர்ல ட்ரெச்சரின்னு படிச்சேன், வால வெட்டிப் பாத்தேன். அப்பிடி ஒரு வார்த்தையே இதுல இல்ல. நீங்க மார்க் போட்டுட்டீங்க. இதோ, இதுவும் இல்ல." இரண்டாவது வார்த்தையைச் சொல்ல எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது, இல்லாத வார்த்தைக்கு மார்க் போட்டிருக்கிறேன். "வந்தது ரெண்டு, போனது ரெண்டு. அதே முப்பத்தெட்டுதான் சார். பரிசு செல்விக்குத்தான்."

நான் வெட்கத்தில் குறுகிப்போனேன். எக்டேரை மட்டும் காட்டியிருந்தால் அகராதி அவருக்கே கிடைத்திருக்கும். அவரோ உட்கார்ந்து எல்லா வார்த்தையையும் பார்த்திருக்கிறார், அதுவும் சந்தோஷமாக. நோட்டைப் புரட்டினேன். ஐந்தாறு பக்கத்துக்குக் கேள்விக்குறிகள் போய் அர்த்தம் ஏறியிருந்தது. "ரெண்டு நாள்ல இவ்ளோதான் சார் முடிஞ்சிது" என்றபடி அகராதியை உறையில் போட்டு, செல்வியிடம் சேர்த்துவிடச் சொல்லி என்னிடம் தந்தார். தரும்போது கை கொஞ்சம் தயங்கியது.

அன்று சாயங்காலமே என் சொந்த அகராதியைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு மளிகைக்கடைக்குப் போனேன்.

"எனாமா வேணாம் சார்" என்றார். "படிச்சிட்டுத் திருப்பித் தரேன்."

"எப்போம்மா?"

"இசட் முடிஞ்சதும்."

ஏழு வருஷம் ஓடிவிட்டது. போன வாரம் விசாரித்தேன், 'எம்' எழுத்தில் இருக்கிறாராம். நான் அவசரப்படுத்தவில்லை. வகுப்பில் ஏதாவது வார்த்தையில் சந்தேகம் வந்தால், பிள்ளைகளிடம் நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்க் கேட்டுக்கொள்கிறேன்.