எண்ணெய்ச் சிமிழோடு வந்த பதில்

ஆண்டவரின் பிள்ளைகள் எல்லோருக்கும் என் வணக்கம். திண்டிவனத்தில் லாரி ஓட்டிய அந்தோணி பேசுகிறேன்.

போன தவக்காலத்தில் என் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. மூட்டை தூக்கிய தோள் குச்சியாகிவிட்டது. இதயம் மிகவும் பலவீனம் என்று எனக்கு முன்பே தெரியும். ஆனால் இதயத்துக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம்? மாத்திரையில் நீர் வடிகிறது, அதனால்தான் எடை குறைகிறது என்றாள் என் மனைவி பிலோமினா. கால் வீக்கம் வடிந்தது சரி. தோளில் ஏது நீர்?

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு, டாக்டர் அவளிடம் மட்டும் பேசியிருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் நான் பக்கத்தில் போனால் போன் பேச்சு நின்றுவிடும். திடீரென்று தட்டில் கறியும் முட்டையும் வந்தன. கறியே தொடாத தவக்காலத்தில், எங்கள் வீட்டில்! சாகப்போகிறவனுக்குத்தானே இப்படிப் போடுவார்கள்? புற்றுநோயை மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். அதன் பிறகு சோறு இறங்கவில்லை.

நான் சுகம் கேட்டு ஜெபிக்கவில்லை. என்னிடம் உண்மை பேச ஒருவரை அனுப்பும் ஆண்டவரே என்றுதான் அழுதேன்.

மறுநாள் எங்கள் கோயில் பங்குச்சாமி எண்ணெய்ச் சிமிழோடு வாசலில் நின்றார். அவஸ்தைப்பூசுதல்! அந்த எண்ணெய் நெற்றியில் பட்டால் அடுத்தது சவப்பெட்டிதான் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு வழிமறித்தேன்.

“இன்னா சாமி, எனக்கு நாள் குறிச்சாச்சா?”

அவர் கோபப்படவில்லை. இது நோயாளிக்குத் திடம் கொடுக்கிற எண்ணெய், சாவுக்கு மட்டுமானது இல்லை என்றார். பிறகு பிலோமினாவிடம், டாக்டர் சொன்னதை இவரிடம் சொன்னாயா என்று கேட்டார். அவள் உடைந்துவிட்டாள்.

“கேன்சர் இல்லீங்க. இதயம் ரொம்ப மோசமாச்சின்னா ஒடம்புல சதையே கரைஞ்சிடுமாம். சொன்னா பயந்துக்கினு சோத்த நிறுத்திடுவீங்கன்னுதான் வாய மூடிக்கினு இருந்தேன்.”

சொல்லாததால்தான் நான் நிறுத்தியிருந்தேன். கறியும் முட்டையும் சதை கரையாமலிருக்க டாக்டர் சொன்ன சாப்பாடு. நோயாளிக்குத் தடையில்லை என்று சாமியிடம் கேட்டுத்தான் சமைத்திருக்கிறாள். நான் கைகளை நீட்டினேன். அவர் பூசி முடித்ததும் தட்டைக் கொண்டுவரச் சொன்னேன்.

போன சதை திரும்பவில்லை, பொய் சொல்ல மாட்டேன். எடை இறங்குவது நின்றிருக்கிறது. கோயில் வரை நடக்கிறேன். இப்போது டாக்டர் அறைக்குள் இருவரும் சேர்ந்தே போகிறோம். ஆண்டவருக்கு நன்றி.

அன்பானவர்களே, சந்தேகம் உங்களைத் தின்றால் ஆண்டவரிடமே கேளுங்கள். பதில் வாசலில் வந்து நிற்கும்போது மட்டும் என்னைப் போல் வழிமறிக்காதீர்கள்.