அட்டையில் ஒட்டிய டைரி

என் அம்மாவின் தாத்தா பர்மா சண்டையில் ராணுவச் சமையல்காரர். அங்கே அவர் பென்சிலால் எழுதிய டைரி கடலூரில் எங்கள் வீட்டில் இருந்தது. காகிதப் பஞ்சமோ என்னவோ, ஒவ்வொரு தாளிலும் இரண்டு பக்கமும் பொடிப்பொடியாக எழுதியிருப்பார். புயலில் கூரை ஓடு பறந்தபோது நான் முதலில் தூக்கிக்கொண்டு ஓடியது அதைத்தான். மங்கிய எழுத்தைப் படித்துப் பிரதியெடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமென்று உட்கார்ந்திருந்தேன். சில பக்கங்கள்தான் முடிந்திருந்தன.

அதற்குள் சிதம்பரத்து மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. மண்டபத்தில் வைக்க டைரி வேண்டுமாம். நான் முடியாது என்றேன்.

"கூடப் பொறந்தவன் கேட்டா இல்லன்னா சொல்வாங்க? அவனுக்கும் அவரு தாத்தாதான்" என்றாள் அம்மா. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் எடுத்துக் கொடுத்தும் விட்டாள்.

மண்டப வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ். கரண்டி பிடித்த மனிதரின் கையில் துப்பாக்கியைச் செருகியிருந்தார்கள். அதற்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போனால் வயிறே எரிந்தது. டைரியைத் தாள் தாளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கெட்டி அட்டையில் பசை போட்டு ஒட்டி, மேலே லேமினேஷனும் செய்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஆளாளுக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி வேறு.

"யாரைக் கேட்டு மாமா இப்படிப் பண்ணீங்க?"

"என்னாம்மா இப்டி கத்தற? உங்க வூட்ல இருந்தா பூச்சிதான் அரிக்கும். இனிமே நூறு வருஷம் ஆனாலும் கெடாது. பசைய ஜாஸ்தியாவே போடச் சொன்னேன்."

"பின்பக்கம்?"

"பின்பக்கம் என்னா?"

மனிதர் ஒரு வரிகூடப் படித்திருக்கவில்லை. பெருமை மட்டும் மண்டபம் கொள்ளாமல் இருந்தது. மாலையும் கழுத்துமாக இருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கடைசி அட்டை முன் நிறுத்தினேன். நானே அதுவரை எட்டியிராத பக்கம்.

"படிங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். "குண்டு விழும்போது அடுப்பண்டை இருந்தேன். சோறு வாங்க வந்த நம்மூர்ப் பையனைக் குழிக்குள் இழுத்தேன். அவன்..."

அதோடு பக்கம் முடிந்திருந்தது. மாமா என்னைப் பார்த்தார்.

"அந்தப் பையனுக்கு என்னாச்சும்மா?"

கேட்டுக்கொண்டே அட்டையைத் திருப்பினார். வெள்ளையாக இருந்தது.